மரவள்ளி மிசினும் சூசையம்மாள் காலும்

சூசையம்மாளின் கால் சும்மா இருந்து பார்த்தவர்கள் செராய் தோட்டத்தில் யாருமில்லை. பூசையில் முழந்தாளிட்டிருக்கும்போதுகூட அவள் பெருவிரல் இரண்டும் தரையில் எதையோ கிறுக்கிக்கொண்டிருக்கும். பந்தியில் உட்கார வைத்தால் முட்டி ஆடும். முட்டி ஆடினால் பலகை ஆடும். பலகை ஆடினால் எதிர்வரிசைக்காரர் குழம்பில் அலை அடிக்கும். தூக்கத்தில் அவள் உதைத்த உதையில் புருசன் ஜோசப்ராஜ் வரிசை வீடுகளான லயத்தின் பலகைச் சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டு ஆறுமுகத்தின் பாயில் போய் விழுந்தானாம். ஆறுமுகமும் கண்ணைத் திறக்காமலே நகர்ந்து படுத்து இடம் கொடுத்தானாம். சுவர் என்ன ஆயிற்று என்று கேட்கிறவர்களுக்குக் கதை கேட்கத் தெரியாது.

தோட்டம் மலாயாவில் ஜெலுபு மலைப்பக்கம் இருந்தது. கோலா கிளாவாங் கடைத்தெருவுக்கு நடந்து போனால் பாதிப் பொழுது ஆகிவிடும். சூசையம்மாள் போனால் அதில் பாதி. சண்டைக்கு முந்தி அவள் பங்களாவில் ஆயா. மத்தியானச் சாப்பாடு முடிந்து துரை குடும்பம் குறட்டையில் இறங்கியதும், துரைசாணியின் சைக்கிளை ஓசையில்லாமல் தள்ளிக்கொண்டு போய்ப் பங்களாவைச் சுற்றுவாள். கையில் பிரேக் கிடையாது அதற்கு. பெடலைப் பின்பக்கமாக அழுத்தினால் நிற்கும். முன்பக்கம் மிதித்தால் ஓடும். மிதிக்காமல் காலை அப்படியே வைத்திருந்தாலோ, சக்கரம் தன்பாட்டுக்கு உருண்டுகொண்டிருக்கும்.

"கால் சும்மா கெடக்குது வள்ளி, ஆனா ஊரு பின்னால போய்க்கிட்டே இருக்குது. எங்க அம்மா வயித்துல இருந்து வந்ததுக்கு அப்புறம் என் காலுக்குக் கெடச்ச மொத லீவு அதாம்புள்ள" என்பாள் ஆறுமுகம் பெண்டாட்டி வள்ளியம்மாவிடம்.

ஜப்பான்காரன் வந்தான். துரை ஓடினார். சைக்கிள் ஸ்டோரில் தூசி தின்றது. பாலை வாங்க ஆளில்லாமல் ரப்பர் மரமெல்லாம் வெறுமனே நின்றது. சனங்கள் மரத்துக்கு மரம் இடையில் மண்ணைக் கொத்தி மரவள்ளி நட்டார்கள். காலையில் அவித்தும், மத்தியானம் சுட்டும், ராத்திரியில் அதையே வேறு பேர் சொல்லியும் சாப்பிட்டார்கள்.

அப்புறம் சயாம் வந்தது. அங்கே காட்டுக்குள் ரயில் பாதை போட ஆள் வேண்டுமாம். அடுத்த தோட்டத்துக்கு லோரி வந்து ஆண்களை ஏற்றிக்கொண்டு போனது. போனவர்களைப் பற்றி ஒரு காக்கை கூடச் சேதி கொண்டுவரவில்லை. செராய் தோட்டத்துக்கும் சனிக்கிழமை லோரி வரும் என்று கிராணி அமிர்தலிங்கம் சொன்னார். கணக்கு எழுதிய காலம் போய், அவர் இப்போது ஜப்பான் மொழியை அரைகுறையாகப் படித்து அதிகாரிக்கும் சனத்துக்கும் நடுவில் நின்று வேர்த்துக்கொண்டிருந்தார்.

"ஒம் புருசன் நல்லா தாட்டியான ஆளும்மா. லோரிக்குள்ள மொத காலு அவன் காலாத்தான் இருக்கும். நான் சந்தோசமா சொல்றேன்னு நெனைக்காத" என்றார்.

அன்றிலிருந்து சூசையம்மாளுக்கு வீடு கொள்ளவில்லை. அடுப்புக்கும் வாசலுக்கும் நடந்தாள்; வாசலுக்கும் பாதைக்கும் நடந்தாள். எந்த மோட்டார் சத்தம் கேட்டாலும் ஓடிப்போய்ப் பார்த்தாள். ஜோசப்ராஜோ அசையாத ஆள். பால் கொட்டகையில் மிசினுக்குப் பக்கத்திலேயே இருந்து இருந்து அவனும் ஒரு மிசின்போலத்தான் ஆகியிருந்தான். யாராவது சுற்றிவிட்டால்தான் பேச்சு வரும்.

"ஏங்க, எதாச்சும் யோசன பண்ணுங்கங்க!"

"பண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன். நீ குறுக்கும் நெடுக்கும் ஓடுறதுல எனக்குத் தலை சுத்துது. செத்த உக்காரு."

அவன் யோசனை இதுதான். பட்டாளத்துக்கு மரவள்ளி மாவு வேண்டும் என்று ஜப்பான் அதிகாரி நச்சரித்துக்கொண்டிருந்தார். வருமுன்னே பூட்ஸ் சத்தம் வந்துவிடும் என்பதால் தோட்டம் அவருக்குப் பூட்ஸ் துரை என்று பேர் வைத்திருந்தது. மாவு செய்கிற ஆளை லோரியில் ஏற்றமாட்டேன் என்று அவர் வாயாலேயே சொல்லியிருந்தார். கையால் சீவினால் கிழங்கைவிட விரல்தான் அதிகம் மாவாகும். ஒரு மிசின் இருந்தால்?

துரைசாணியின் சைக்கிளை ஸ்டோரிலிருந்து இறக்கினார்கள். பின்சக்கரம் தரையில் படாதபடி மரச்சட்டத்தில் தூக்கி நிறுத்தினான் ஜோசப்ராஜ். டயரைக் கழற்றிவிட்டு, சக்கரத்தைச் சுற்றிப் பலகை அடித்து, பழைய இரும்பு வைத்துக் கனமேற்றி, ஆணியால் பொத்தல் போட்ட தகரத்தைச் சொரசொரப்பு வெளியே தெரியச் சுற்றினான். ஒரு ஆள் சீட்டில் உட்கார்ந்து மிதித்தால் டிரம் சுழலும். இன்னொரு ஆள் கிழங்கைக் கொடுக்க வேண்டும். கீழே கூழாய் விழும்.

சக்கரத்தின் நடுக் குடத்தை அவன் பிரித்தபோது சூசையம்மாள் தலையை உள்ளே விடாத குறையாகக் குனிந்தாள். உள்ளே விரல்நுனி அளவில் சில இரும்பு உருளைகள் படுத்திருந்தன.

"இதுங்களா சக்கரத்தச் சுத்துது? எலிக் குஞ்சு மாதிரி இருக்குது."

"பல்சக்கரத்தோட சேந்த உள் துண்டப் பாரு. வட்டமா இருக்குதா? இல்ல. ஒவ்வொரு உருளைக்கும் ஒரு பள்ளம், பள்ளத்துல இருந்து ஒரு மேடு. நீ முன்னால மிதிச்சா உருளை மேட்டுல ஏறும். ஏறுனா மேல குடத்தோட சுவரு. எடம் பத்தாது. மேட்டுக்கும் சுவத்துக்கும் நடுவுல நசுங்கிக்கிட்டு நிக்கும். அப்ப உள்ளயும் வெளியயும் ஒன்னாப் பூட்டிக்கிச்சி. நீ சுத்துனா அதுவும் சுத்தணும்."

"ஈஸ்டர் பூசைக்குக் கோயில் வாசல்ல மாட்டிக்கிட்ட சனம் மாதிரி."

"அப்படித்தான் வச்சிக்கயேன். நீ மிதிக்கிறத விட்டுட்டா, இல்ல சக்கரம் ஒன் கால முந்திக்கிட்டு ஓடுனா, உருளை எறங்கிப் பள்ளத்துல படுத்துக்கும். பூட்டு வுட்டுப்போகும். நீ எக்கேடு கெட்டா என்னன்னு சக்கரம் தனியா ஓடும்."

"நம்ம கலியாணம் மாதிரி" என்றாள் சூசையம்மாள். ஜோசப்ராஜ் சிரிக்கவில்லை. மறுநாள் சிரித்தான், அவனுக்கு அவ்வளவு நேரம் பிடிக்கும்.

உள்ளே போட கிரீஸ் இல்லை. தேங்காய் எண்ணெய் விளக்குக்கே பஞ்சம். கிடைத்தது செம்பனை எண்ணெய். சிவப்பாக, தகரத்தில் வரும். தாளிக்கவும் அதுதான், சிரங்குக்கும் அதுதான். குடம் நிறைய ஊற்றி மூடினான். உச்சி வெயிலில் சூசையம்மாள் ஏறி மிதித்தாள். டிரம் இரைந்த இரைச்சலில் கோழிகள் மரமேறின. கால் எடுத்த பிறகும், மாதாவுக்குச் சொல்லும் பிரியதத்த மந்திரம் ஒன்றை முழுசாய்ச் சொல்லி ஆமென் போடுகிறவரை டிரம் நிற்கவில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு வந்து பார்க்கிறேன் என்று பூட்ஸ் துரை சொல்லியனுப்பினார்.

எட்டு மணிதான். ஆனால் யாருடைய எட்டு மணி? ஜப்பான்காரன் வந்ததும் ஆபீஸ் கடிகாரத்தை ஒன்றரை மணி முன்னால் தள்ளித் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பிவிட்டான். லயத்துச் சேவல்களுக்கு அந்த உத்தரவு எட்டவில்லை. அவை மலாயா நேரத்துக்கே கூவின. பால் வெட்டு நின்றதிலிருந்து சனமும் சேவல் கட்சிதான். எட்டு என்றதும், நன்றாக வெயில் ஏறியிருக்கும் என்று ஜோசப்ராஜ் நினைத்தான். பூட்ஸ் சத்தம் கேட்டபோது சூரியன் மலைக்கு அந்தப்பக்கம் இன்னும் முகம்கூடக் கழுவவில்லை. பனி ரப்பர் மரங்களுக்கு நடுவே வெள்ளாடு மாதிரி மேய்ந்துகொண்டிருந்தது.

பல் விளக்காத வாயோடு ஆண்கள் வரிசையில் நின்று குனிந்து வணங்கினார்கள். சூசையம்மாள் கொண்டையை முடிந்துகொண்டே ஓடிவந்து சீட்டில் ஏறினாள். ஜோசப்ராஜ் கிழங்குக் கூடையோடு டிரம் பக்கம் போனான்.

மிதித்தாள்.

பெடல் சுற்றியது. சங்கிலி சுற்றியது. டிரம் சுற்றவில்லை. இன்னும் வேகமாய் மிதித்தாள். காற்றை மிதிப்பதுபோல இருந்தது. காலுக்கு எதுவும் தட்டுப்படவில்லை. பூட்ஸ் துரை கிராணியைப் பார்த்தார். கிராணி வானத்தைப் பார்த்தார்.

"என்னங்க இது?" என்று சூசையம்மாள் புருசனைத் திரும்பிப் பார்த்தாள்.

ஜோசப்ராஜ் குடத்தைத் தொட்டுப் பார்த்தான். ஐஸாய்க் கிடந்தது. மூடி ஓரத்தில் கசிந்திருந்த எண்ணெய் மஞ்சள் மெழுகாய் ஒட்டியிருந்தது. "உறைஞ்சிபோச்சி புள்ள. உருளைங்க பள்ளத்துலயே ஒட்டிக்கிட்டுக் கெடக்குது. மேட்டுல ஏறமாட்டேங்குது. வெயில் வரணும்."

"வெயில் வர்ற வரைக்கும் இவன் நிப்பானா? வள்ளி! அடுப்புல கெழங்கு வெந்திருக்குதா? அப்படியே துணியில கொட்டி எடுத்துக்கிட்டு ஓடியா!"

வள்ளியம்மா ஓடிவந்தாள். ஆவி பறக்கிற மரவள்ளியைத் துணியில் மூட்டை கட்டி, சூசையம்மாள் குடத்தின்மேல் வைத்து அழுத்தினாள், எடுத்தாள், திரும்ப வைத்தாள். பிள்ளை பெற்றவள் இடுப்புக்குக் கொடுப்பதுபோல ஒத்தடம். பூட்ஸ் துரை கிராணியிடம் என்னவோ குரைத்தார்.

"என்னா பண்றேன்னு கேக்குறாரும்மா. சீக்கிரம் சொல்லு. அவரு கை வாள் பக்கம் போவுது."

"குளிர்ல மூட்டுப் புடிச்சிக்கிச்சின்னு சொல்லுங்க கிராணி ஐயா."

மூட்டுக்கு ஜப்பான் சொல் கிராணிக்குத் தெரியாது. தன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "ஐயையோ" என்று ஜப்பான் ராகத்தில் முனகி, மிசினைக் காட்டினார். பூட்ஸ் துரை முகம் மாறியது. மெதுவாய்க் குனிந்து தன் முழங்காலைத் தடவிக்கொண்டு, ரொம்பத் தெரிந்தவர்போலத் தலையாட்டினார். மலைப் பனி அவரையும் விடவில்லைபோல.

கிழங்குச் சூடு உள்ளே இறங்கியது. சூசையம்மாள் திரும்ப ஏறி மிதித்தாள். முதல் சுற்று வெறுமை. இரண்டாவது சுற்றில் உள்ளே 'டக்' என்று ஒன்று பிடித்தது. டிரம் திடுக்கிட்டு எழுந்ததுபோல் சுழன்றது. அப்புறம் கேட்க வேண்டுமா? அத்தனை நாள் லயத்தைச் சுற்றிச் சுற்றி வந்த நடையெல்லாம் பெடலில் இறங்கியது. கிழங்கு வைக்குமுன்னே காணாமல் போனது. கூழ் தெறித்துக் கிராணியின் மூக்குக்கண்ணாடியை வெள்ளையடித்தது. கூடை காலியாகி, அடுத்த கூடையும் பாதியானது. பூட்ஸ் துரை கைதட்டினார், சிரித்தார், கிராணியிடம் நீளமாக ஏதோ சொன்னார்.

கிராணி கண்ணாடியைத் துடைக்க மறந்து நின்றார்.

"சூசையம்மா, சிரிச்ச மொகத்த மாத்தாமக் கேட்டுக்க. ஒரு பொம்பளையே அஞ்சு ஆம்பள வேலை செய்யறாளேங்கிறாரு. கெழங்கு கொடுக்கவும் பொம்பளைங்க போதுமாம். அப்ப இங்க ஆம்பளைங்க எதுக்குன்னு கேக்குறாரு. சனிக்கெழம ஒருத்தன் விடாம ஏத்திடலாமாம்."

சூசையம்மாள் கால் நின்றது. டிரம் நிற்கவில்லை, அது தன்பாட்டுக்கு இரைந்துகொண்டு ஓடியது. கிழங்குக் கூடையோடு நின்ற ஜோசப்ராஜின் கழுத்தில் ஒரு நரம்பு துடிப்பதை அவள் பார்த்தாள்.

அந்த ஒரு நொடியில் அவள் என்ன நினைத்தாள் என்பது அவளுக்கே பின்னால் சொல்லத் தெரியவில்லை. திரும்ப மிதிக்க ஆரம்பித்தாள். பல்லைக் கடித்தாள், தோளைக் குலுக்கினாள், இடுப்பை ஆட்டினாள்; பார்க்கிறவர்களுக்கு அவள் மலையையே இழுப்பதுபோலிருந்தது. ஆனால் டிரம் ஓடுகிற வேகத்துக்கு ஒரு இம்மி குறைவாகவே காலைச் சுற்றினாள். சக்கரம் காலை முந்திக்கொண்டு ஓடும்வரை உருளைகள் பள்ளத்தில்தான் படுத்திருக்கும். எத்தனை சுற்றுச் சுற்றினாலும் ஒரு துளி பலம் டிரம்முக்குப் போகாது.

சொல்வதற்குச் சுலபம். டிரம் தளரத் தளர, கால் அதற்கும் கீழே தளர வேண்டும். கொஞ்சம் அவசரப்பட்டாலும் உருளைகள் மேட்டில் ஏறிக் கவ்விக்கொள்ளும். டிரம் ஒரு துள்ளுத் துள்ளி வேசத்தைக் கலைத்துவிடும். பயந்து பின்னால் அழுத்தினாலோ பிரேக் பிடித்துக் கீச்சிடும். பிறந்ததிலிருந்து அடங்காத கால்கள் அவை. தொடை நடுங்கியது. மிதி, மிதி என்று ரத்தம் கத்தியது. உதட்டில் உப்புக் கரித்தது. வேர்வையா, கடித்த ரத்தமா, தெரியவில்லை. பூட்ஸ் துரை பக்கத்தில் வந்து நின்று அவள் பாதத்தையே பார்த்தார்.

டிரம் இறங்கியது. ஜோசப்ராஜ் எரிச்சலில் கத்தினான்: "மிதி புள்ள! டிரம்மு தூங்குது!"

"மிதிச்சிக்கிட்டுத்தாங்க இருக்கேன். கண்ணு அவிஞ்சா போச்சி?"

அப்போதுதான் அவன் சங்கிலியைப் பார்த்தான். இழுவை இருந்தால் மேல்பக்கச் சங்கிலி தந்திபோல விறைத்து நிற்கும். இது துணி காயப்போட்ட கயிறுபோலத் தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. அவன் அவள் முகத்தைப் பார்த்தான். மறுநாள்தான் சிரிப்பு வரும் அந்த மனுசனுக்கு இது மட்டும் அந்தக் கணமே விளங்கியது. கூடையைத் தூக்கிக்கொண்டு சங்கிலிக்கும் பூட்ஸ் துரைக்கும் நடுவே போய் நின்று, பெரிய கிழங்கு ஒன்றை டிரம்மில் வைத்து முழு பலத்தோடு அழுத்தினான்.

"பொம்பளைய ஏத்தாத, பொம்பளைய ஏத்தாதன்னு தலையால அடிச்சிக்கிட்டேன். கேட்டாத்தானே! இதுங்களுக்கு வாய்லதான் பலம்!"

இந்த ஒரு பேச்சுக்காக அவன் பின்னாளில் எத்தனை வேளை ஆறின கஞ்சி குடித்தான் என்பது வேறு விசயம்.

கிழங்கு பாதியில் சிக்க, டிரம் முக்கி முனகி நின்றது. சூசையம்மாள் சீட்டிலிருந்து சரிந்து, கண்ணை மேலே சொருகி, பூட்ஸ் துரையின் பூட்ஸ்மேலேயே விழுந்தாள். அவர் பதறி ஒதுங்கினார். ஜோசப்ராஜ் ஏறி உட்கார்ந்தான். அவன் மிதித்த மிதியில் மரச்சட்டம் ஒரு முழம் நகர்ந்தது. கிழங்கு கூழாய்ப் பறந்தது.

பூட்ஸ் துரை அவனைப் பார்த்தார், கீழே கிடந்தவளைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"ஆம்பளதான் வேணும்போலன்றாரு" என்றார் கிராணி. "ஒரு ஆளு போதுமான்னு கேக்குறாரு."

செத்துக் கிடந்த சூசையம்மாள் கண்ணைத் திறக்காமல் கையைத் தூக்கி இரண்டு விரலைக் காட்டினாள். "ரெண்டு ஆளு. மாத்தி மாத்தி மிதிக்க."

பூட்ஸ் துரை பிரம்பை நீட்டினார். ஜோசப்ராஜ். அவனுக்குப் பக்கத்தில் நின்ற ஆறுமுகம். இந்த இரண்டு பேர் தோட்டத்திலேயே இருக்கட்டும், மற்றவர்கள் சனிக்கிழமை. பூட்ஸ் சத்தம் பாதையில் இறங்கிப் போனது.

வள்ளியம்மா ஓடிவந்து சூசையம்மாளின் இரண்டு காலையும் கட்டிக்கொண்டு அழுதாள். ஜோசப்ராஜ் சீட்டைவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தான். ஆண்கள் ஒவ்வொருவராய் லயத்துக்குத் திரும்பினார்கள். பஞ்சாலை என்கிற இளம்பெண் மட்டும் போகவில்லை. கலியாணமாகி ஒரு மழைக்காலம்கூடப் பார்க்காதவள். மண்வெட்டியோடு தலைகுனிந்து நடக்கிற புருசனின் முதுகைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"ரெண்டுன்னு ஏங்க்கா சொன்னீங்க? கையில வேற வெரலா இல்ல?"

சூசையம்மாள் தன் கையை விரித்துப் பார்த்தாள். பிறகு எழுந்தாள், சேலையை இழுத்துச் செருகினாள்.

"எங்க போற?" என்றான் ஜோசப்ராஜ்.

"மிசின் ஒன்னுக்கு ரெண்டு ஆளுன்னு அவனே ஒத்துக்கிட்டான்ல? நீங்க பலகைய அறுத்து வைங்க."

கோலா கிளாவாங்கில் மளிகைக்கடை மதார் மைதீனிடம் அந்த மாதிரி சைக்கிள் ஒன்று இருந்தது. அவள் மூச்சு வாங்கி முடிப்பதற்குள் கேட்டுவிட்டாள்.

"பின்சக்கரத்தக் குடுத்துட்டு, முன்சக்கரத்த வச்சிக்கிட்டு நான் சர்க்கஸ் காட்டவாம்மா?"

"முன்சக்கரமும் வேணும், மைதீன் நானா. பெடலு, சங்கிலி, சீட்டு எல்லாந்தான் வேணும். சனிக்கெழம லோரி வருது."

லோரி என்றதும் மதார் மைதீன் சர்க்கஸ் பேச்சை விட்டார். உள்ளே போய்ச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். டயருக்குப் பதில் கயிறு சுற்றியிருந்தது. குடத்தைத் திருகிக் காது வைத்துக் கேட்டாள். உள்ளே உருளைகள் இருந்தன.

சனிக்கிழமை செராய் தோட்டத்தில் இரண்டு மிசின் இரைந்தன. பூட்ஸ் துரை இரண்டையும் பார்த்தார், நான்கு ஆண்களை வரிசையிலிருந்து பிரம்பால் ஒதுக்கினார். நான்காவது ஆள் பஞ்சாலையின் புருசன். மற்றவர்களை ஏற்றிக்கொண்டு லோரி வளைவில் திரும்பியபோது, பெண்கள் மண்ணை வாரித் தூற்றி அழுதார்கள். சூசையம்மாள் அங்கே இல்லை. அடுத்த லோரி எப்போது என்று கிராணியிடம் கேட்டுக்கொண்டு, சிரம்பானில் லோபாக் பக்கம் யாரிடமோ பின்பிரேக் சைக்கிள் இருக்கிறதாம் என்று, மலைப்பாதையில் விடியுமுன்னே இறங்கிப் போயிருந்தாள்.